இழுப்பது காந்தம், நகர்வது இரும்பு: இரண்டுக்கும் ஒரே கணக்கு

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு)



நம் துறை ஆய்வகத்தில் தினமும் காதில் விழும் சத்தம் ஒன்று உண்டு. பச்சைப் பட்டனை அழுத்தினால் 'டப்' என்று கான்டாக்டர் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் ஓடத் தொடங்கும். அந்த 'டப்' சத்தத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு செகண்டில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அந்தச் சிறு நேரத்துக்குள் மின்சாரம், காந்தம், இயந்திரம் ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்து ஒரு பெரிய விளையாட்டே நடத்தி முடித்துவிடுகின்றன. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

இதற்கு 'சிமுலேஷன்' என்று பெயர். பெயரைக் கேட்டவுடனே "அதெல்லாம் பி.இ. படிக்கிறவங்களுக்கு, பெரிய கம்ப்யூட்டர் வேணும்" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அப்படியில்லை. ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும் என்பதை இங்கே காட்டப் போகிறேன்.

தனித்தனியாகக் கணக்குப் போட்டால் என்ன?

பாடத்தில் நாம் இவற்றைத் தனித்தனியாகவே படிக்கிறோம். மின்சுற்றுத் தாளில் மின்னோட்டம், மின் இயந்திரவியல் தாளில் காந்தப்பாயம், மெக்கானிக்ஸ் தாளில் விசையும் முடுக்கமும். கான்டாக்டருக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. அதன் உள்ளே நடப்பது ஒரு வட்டம்:

மின்னோட்டம் காந்தப்பாயத்தை உண்டாக்குகிறது. காந்தப்பாயம் ஆர்மேச்சரை, அதாவது நகரும் இரும்புத் துண்டை இழுக்கிறது. இரும்பு நகர்ந்தால் காற்று இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் காயிலின் இன்டக்டன்ஸ் கூடுகிறது. இன்டக்டன்ஸ் மாறினால் மின்னோட்டம் மாறுகிறது. மின்னோட்டம் மாறினால் மறுபடியும் காந்தப்பாயம்... இப்படியே சுற்றிக்கொண்டே போகும்.

கோழி முதலா, முட்டை முதலா என்ற கதைதான். ஒன்றின் விடை தெரிய மற்றொன்றின் விடை வேண்டும். இப்படி ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதைத்தான் 'இணைந்த அமைப்பு' என்கிறோம். இதற்குத் தீர்வு ஒன்றுதான். நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்த வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர் காட்டிய வழி இது.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு

கணக்குக்கு வசதியாக ஒரு டி.சி. கான்டாக்டரை எடுத்துக்கொள்வோம். எண்கள் நானாக வைத்தவை.

சப்ளை 24 வோல்ட். காயிலின் மின்தடை 24 ஓம். ஆகவே கடைசியில் ஓடப்போகும் மின்னோட்டம் 1 ஆம்பியர். சுற்றுகள் 1000. காந்த முனையின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர். திறந்த நிலையில் காற்று இடைவெளி 5 மில்லிமீட்டர். மூடிய பிறகும் 1 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்படி ஒரு பித்தளைத் தகடு வைத்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் இரும்பு ஒட்டிக்கொண்டே நிற்காமல் இருக்க இப்படி வைப்பார்கள். ஆர்மேச்சரின் நிறை 100 கிராம். ஸ்பிரிங் ஆரம்பத்தில் 5 நியூட்டன் விசையால் பின்னே இழுக்கிறது; ஆர்மேச்சர் ஒவ்வொரு மில்லிமீட்டர் நகரும்போதும் அது 1 நியூட்டன் கூடும்.

இரும்பில் காந்தப்பாயம் சுலபமாகப் போய்விடும், தடை எல்லாம் காற்று இடைவெளியில்தான் என்று கொண்டால், 5 மில்லிமீட்டரில் இன்டக்டன்ஸ் ஏறத்தாழ 0.1 ஹென்றி. 1 மில்லிமீட்டரில் 0.5 ஹென்றி. அதாவது இன்டக்டன்ஸை இடைவெளியால் (மீட்டரில்) பெருக்கினால் எப்போதும் 0.000503 என்ற ஒரே எண் வரும். இந்த எண்ணை ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆர்மேச்சர் அசையாது. காந்த விசை 5 நியூட்டனைத் தாண்டினால்தான் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். அதற்கு 0.705 ஆம்பியர் வேண்டும். காயிலின் நேர மாறிலி 4.2 மில்லி செகண்ட் என்பதால், மின்னோட்டம் அந்த அளவுக்கு ஏற 5.1 மில்லி செகண்ட் ஆகிறது. இதுவரை பழைய சூத்திரமே போதும். இதற்கு மேல்தான் இணைந்த கணக்கு.

மூன்றே வரிகள்

ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் கீழ்க்கண்ட மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்.

1. சப்ளை வோல்டேஜிலிருந்து மின்தடையில் போன வோல்டேஜைக் கழி. மீதியை 0.001 செகண்டால் பெருக்கி, பாயத்தொடர்புடன் கூட்டு. (பாயத்தொடர்பு என்பது இன்டக்டன்ஸையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது.)

2. பாயத்தொடர்பின் வர்க்கத்தை, ஓரத்தில் எழுதிய எண்ணின் இரு மடங்கால் வகு. அதுதான் காந்த விசை. அதிலிருந்து ஸ்பிரிங் விசையைக் கழித்து நிறையால் வகுத்தால் முடுக்கம். முடுக்கத்தால் வேகத்தையும், வேகத்தால் இடைவெளியையும் மாற்று.

3. புதிய இடைவெளிக்குப் புதிய இன்டக்டன்ஸ். பாயத்தொடர்பை அதனால் வகுத்தால் புதிய மின்னோட்டம். மறுபடியும் முதல் வரிக்குப் போ.

அவ்வளவுதான். முதல் அடியைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். 5.1-வது மில்லி செகண்டில் மின்னோட்டம் 0.705 ஆம்பியர், மின்தடையில் போவது 16.9 வோல்ட், மீதி 7.1 வோல்ட். 0.001-ஆல் பெருக்கினால் 0.0071. பாயத்தொடர்பு 0.0709-லிருந்து 0.0780 ஆகிறது. அதன்படி விசை 6.05 நியூட்டன். ஸ்பிரிங்கின் 5 போக மிச்சம் 1.05. இதை 0.1 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 10.5. ஆக வேகம் செகண்டுக்கு 0.0105 மீட்டர். நகர்ந்த தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! புதிய மின்னோட்டம் 0.774 ஆம்பியர். ஒரு அடி முடிந்தது.

இப்படியே 14 அடிகள் போட்டால் கிடைப்பது கீழே:

5.1 மி.செ. – இடைவெளி 5.00 மி.மீ. – மின்னோட்டம் 0.71 ஆம்பியர் – விசை 5.0 நியூட்டன்
8.1 மி.செ. – 4.90 மி.மீ. – 0.86 ஆம்பியர் – 7.7 நியூட்டன்
10.1 மி.செ. – 4.69 மி.மீ. – 0.88 ஆம்பியர் – 8.8 நியூட்டன்
13.1 மி.செ. – 4.06 மி.மீ. – 0.84 ஆம்பியர் – 10.7 நியூட்டன்
16.1 மி.செ. – 2.92 மி.மீ. – 0.69 ஆம்பியர் – 13.9 நியூட்டன்
18.1 மி.செ. – 1.74 மி.மீ. – 0.47 ஆம்பியர் – 18.2 நியூட்டன்
19.1 மி.செ. – 0.96 மி.மீ. – 0.28 ஆம்பியர் – 21.8 நியூட்டன்

19-வது மில்லி செகண்டில் கான்டாக்டர் மூடிவிட்டது. மோதும் வேகம் செகண்டுக்கு ஏறத்தாழ 0.78 மீட்டர்.

எண்கள் சொல்லும் சேதி

மின்னோட்டத்தைக் கவனித்தீர்களா? 0.88 வரை ஏறிவிட்டு, அப்புறம் இறங்கிப் போகிறது! சுவிட்ச் போட்டால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும் என்றுதானே படித்தோம்? அது இன்டக்டன்ஸ் மாறாமல் இருந்தால். இங்கே ஆர்மேச்சர் ஓடி வரும்போது காந்தப்பாயம் வேகமாகக் கூடுகிறது. அது காயிலில் ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. ஓடும் மோட்டாரில் பேக் இ.எம்.எஃப். வருவது போலவேதான். உண்மையான டி.சி. காயிலை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தாலும் இந்தப் பள்ளம் தெரியும். கான்டாக்டர் சரியாக மூடியதா என்று கண்டுபிடிக்க இந்தப் பள்ளத்தையே அடையாளமாகக் கொள்பவர்களும் உண்டு.

அடுத்து விசையைப் பாருங்கள். இணைப்பை மறந்துவிட்டு, 'மின்னோட்டம் 1 ஆம்பியர், இடைவெளி 1 மில்லிமீட்டர்' என்று தனியாகச் சூத்திரத்தில் போட்டால் விசை 251 நியூட்டன் வருகிறது. இணைந்த கணக்கில் அதே இடத்தில் கிடைப்பது சுமார் 22 நியூட்டன். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! 251-ஐ நம்பி ஸ்பிரிங்கையும் காண்டாக்ட் முனைகளையும் வடிவமைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மூடிய பிறகு மின்னோட்டம் மெல்ல மெல்ல 1 ஆம்பியருக்குத் திரும்பும்போதுதான் அந்த 250 நியூட்டன் வரும். அதற்குள் மோதல், துள்ளல் எல்லாம் முடிந்துபோய்விடும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. மூடிய நிலையில் ஸ்பிரிங்கின் 9 நியூட்டனைத் தாங்கிப் பிடிக்க 0.19 ஆம்பியரே போதும். இழுக்கத் தேவைப்பட்டதோ 0.705. ஆகவே மூடியதும் மின்னோட்டத்தை 0.3 ஆம்பியராகக் குறைத்தாலும் கான்டாக்டர் விடாது. காயிலில் வெப்பமாகப் போகும் சக்தி 24 வாட்டிலிருந்து 2.2 வாட்டாகக் குறையும். பெரிய டி.சி. கான்டாக்டர்களில் மூடிய பின் மின்னோட்டத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருப்பது இதனால்தான்.

அடி பெரிதானால்?

நடைக்கு அடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது முக்கியமான கேள்வி. வேலையைக் குறைக்கலாமே என்று 1 மில்லி செகண்டுக்குப் பதில் 2 மில்லி செகண்ட் வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஆறாவது அடி வரை ஒழுங்காகப் போகிறது. ஏழாவது அடியில் இடைவெளி மைனஸ் 0.8 மில்லிமீட்டர்! அதாவது கணக்கில் ஆர்மேச்சர் இரும்பு முனைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. நிஜத்தில் நடக்காத ஒன்றைக் கம்ப்யூட்டர் முகம் சுளிக்காமல் சொல்லும். எனவே அடியைப் பாதியாக்கிப் பார்த்து, விடை அதிகம் மாறவில்லை என்றால்தான் நம்ப வேண்டும். சிமுலேஷனில் முதல் பாடம் இதுவே. 1 மில்லி செகண்டுகூட முரட்டு அடிதான். அடியை நுணுக்கினால் மேலே சொன்ன எண்கள் சற்று நகரும்.

நம் கிணற்று மோட்டாருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளி முடித்து மேலே படிக்க வந்த முதல் ஆள் நான். எங்கள் ஊரில் ஸ்டார்ட்டர் காயில் எரிந்துபோவது கோடைகாலத்தில் வழக்கமான செய்தி. "காயில் தரமில்லை" என்று ஒருவர் சொல்வார், "நேரம் சரியில்லை" என்று இன்னொருவர் சொல்வார். பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது காயில் எரிந்தால், புதுக் காயிலுக்குப் பணமும் வேண்டும், டவுனுக்குப் போய் வர ஒரு நாளும் வேண்டும். "ஏம்ப்பா, நீ கரண்டு படிப்புதானே படிக்கிற, இது ஏன் எரியுது?" என்று அப்பா கேட்டால், விடை சொல்ல வேண்டியது என் கடமை அல்லவா? விடை இந்த இணைந்த கணக்கில்தான் இருக்கிறது.

ஸ்டார்ட்டரில் இருப்பது ஏ.சி. காயில். அதில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது மின்தடை மட்டுமல்ல. இன்டக்டன்ஸால் வரும் மின்மறுப்புதான் பெரும் பங்கு. இடைவெளி திறந்திருக்கும்போது இன்டக்டன்ஸ் குறைவு, ஆகவே மின்னோட்டம் பல மடங்கு அதிகம். ஆர்மேச்சர் மூடியதும் இன்டக்டன்ஸ் கூடி மின்னோட்டம் தானாகவே இறங்கிவிடும். அந்த அதிக மின்னோட்டம் கண நேரம்தான் ஓடும் என்ற நம்பிக்கையில்தான் காயிலே சுற்றப்பட்டிருக்கிறது.

லைனின் கடைசியில் வோல்டேஜ் இறங்கிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். காந்த விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட் காயிலுக்கு 290 வோல்ட் கிடைத்தால், வோல்டேஜ் 70 சதவீதம், விசையோ பாதிக்கும் குறைவு. ஆர்மேச்சர் பாதி வழி வந்து 'கர்ர்'ரென்று நடுங்கும், மூடாது. மூடாததால் இடைவெளி குறையாது. இடைவெளி குறையாததால் மின்னோட்டம் இறங்காது. மூடிய நிலையைப் போல 6 மடங்கு மின்னோட்டம் ஓடினால் வெப்பம் 36 மடங்கு. காயில் எரியாமல் என்ன செய்யும்? காயிலுக்குத் தரம் இருந்தாலும் எரியும். கான்டாக்டர்களுக்கான ஐ.இ.சி. தரநிர்ணயம், குறிப்பிட்ட வோல்டேஜில் 85 முதல் 110 சதவீதம் வரை சரியாக மூட வேண்டும் என்றுதான் கேட்கிறது. அதற்குக் கீழே உத்தரவாதம் கிடையாது.

ஆகவே, வோல்ட்மீட்டரைப் பார்த்துவிட்டே பட்டனை அழுத்த வேண்டும். கர்ரென்று சத்தம் வந்தால் விடாமல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, காந்த முனைகளில் தூசி, துரு, எறும்புக் கூடு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். அந்த மெல்லிய அழுக்கும் காற்று இடைவெளிக்குச் சமம்தான். முனையில் பதித்திருக்கும் செம்பு வளையம் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் காந்தப்பாயம் செகண்டுக்கு 100 தடவை பூஜ்யமாகிறது. அந்த நேரங்களில் பிடி விடாமல் இருக்கச் சற்றுத் தாமதமான இன்னொரு பாயத்தைத் தருவது அந்த வளையம்தான்.

பெரிய கணக்குகள்

நான் போட்டது எளிய கணக்கு. நிஜத்தில் காந்தப்பாயம் இடைவெளியின் ஓரங்களில் பிதுங்கும். இரும்பும் 1.5 டெஸ்லாவைத் தாண்டும்போது தெவிட்டுநிலையை நெருங்கி, "இதுக்கு மேல முடியாது" என்று அடம்பிடிக்கும். அப்போது ஒரே ஒரு சூத்திரம் போதாது. இரும்பு, காற்று, காயில் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காந்தப்புலத்தைக் காண வேண்டும். இதுவே ஃபைனைட் எலிமென்ட் முறை. 1943-ல் கணித அறிஞர் கூரன்ட் இதற்கு வித்திட்டார். 1956-ல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோர் விமானக் கட்டமைப்புக் கணக்குக்கு இதை வளர்த்தனர். 1970-ல் சில்வெஸ்டரும் சாரியும் தெவிட்டும் இரும்புள்ள காந்தக் கணக்குக்கு இம்முறையைக் கொண்டுவந்தனர்.

முக்கோணம் ஆயிரம் ஆனாலும் வட்டம் அதே வட்டம்தான். காந்தப்புலம் கண்டு, விசையை இயந்திரக் கணக்கிடம் கொடுத்து, அது சொல்லும் புதிய இடத்தைத் திரும்ப வாங்கினால் அது தளர்ந்த இணைப்பு. ஒரே அடிக்குள் இரண்டும் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிட்டாலோ, எல்லாச் சமன்பாடுகளையும் ஒன்றாகவே தீர்த்தாலோ அது இறுக்கமான இணைப்பு. இழுவை வேகமாக மாறும் இடங்களில் இறுக்கமானதே பாதுகாப்பு.

ஷாங்காய் நகரில் 2004-ல் வணிக ரீதியாக ஓடத் தொடங்கிய காந்த மிதவை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 431 கிலோமீட்டர் வரை ஓடிக் காட்டிய ரயில் அது. பாதைக்கும் காந்தத்துக்கும் நடுவே சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளிதான். நம் கான்டாக்டரைப் போலவே, அருகே போனால் இழுவை கூடும், இன்னும் அருகே போகும். கட்டுப்பாடு இல்லையென்றால் 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும்! கான்டாக்டரில் நாம் விரும்பும் குணமே ரயிலில் ஆபத்து. ஆகவே இடைவெளியை ஓயாமல் அளந்து மின்னோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை வடிவமைக்க இணைந்த சிமுலேஷன் இல்லாமல் முடியாது. டிரான்ஸ்பார்மரில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் மின்னோட்டம் 10 மடங்கு, சுருள்களைப் பிய்க்கும் விசை 100 மடங்கு. பேரிங் தேய்ந்த மோட்டாரில் ரோட்டர் ஒரு பக்கம் சாய்ந்தால், இடைவெளி குறைந்த பக்கமே இன்னும் இழுக்கும். எல்லாம் ஒரே குடும்பம்.

நம்புவது எப்படி?

அளந்து பார்த்துத்தான்! உலக ஆய்வாளர்கள் 'டீம்' என்ற பெயரில் பொதுவான சோதனைக் கணக்குகள் வைத்திருக்கிறார்கள். அதில் 28-வது கணக்கு நம் தலைப்புக்கே உரியது. 130 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஓர் அலுமினியத் தட்டு, இரண்டு ஏ.சி. காயில்களுக்கு மேலே வைக்கப்படுகிறது. மின்சாரம் கொடுத்ததும், தட்டில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டத்தால் அது மேலே எழும்பி, ஆடி ஆடி, ஓர் உயரத்தில் அடங்கி மிதக்கிறது. அளந்த ஆட்டத்தோடு தன் கணக்கின் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒருவர் தன் புரோகிராமை நம்பலாம்.

நண்பர்களே! இரு பரிமாணக் காந்தக் கணக்குக்கு டேவிட் மீக்கர் எழுதிய 'எஃப்.இ.எம்.எம்.' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கும் முன்னால், மேலே சொன்ன மூன்று வரிகளை உங்கள் நோட்டில் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கை மாற்றுங்கள், வோல்டேஜைக் குறையுங்கள், எந்த வோல்டேஜில் ஆர்மேச்சர் அசையவே மறுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். (என் எண்களுக்கு அது 17 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வருகிறது, சரிபார்க்கவும்!) பிறகு ஆய்வகத்தில் உள்ள ஒரு கான்டாக்டருக்கு வோல்டேஜை மெல்ல ஏற்றி, கணக்கும் கருவியும் ஒத்துப்போகிறதா என்று ஆசிரியர் முன்னிலையில் பாருங்கள். நாளை நாம் எந்தத் தொழிற்சாலையில் நின்றாலும், எரிந்த காயிலை மாற்றத் தெரிந்தவர்களாக மட்டுமின்றி, அது ஏன் எரிந்தது என்று கணக்கோடு சொல்லத் தெரிந்தவர்களாகவும் இருப்போம்.